எழுதாமல் விட்ட ஒரு வரி: ஜார்ஜியா சட்டமன்றம், 1868

கேள்வி | பிப்ரவரி 4, 2024

அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865-ல் முடிந்தது. மூன்றே வருடத்தில் ஜார்ஜியா மாநிலச் சட்டமன்றத்துக்குக் கறுப்பினத்தவர் முப்பது பேருக்கு மேல் ஜெயித்து வந்தார்கள், வந்த சில வாரங்களிலேயே அவர்களை வெளியேற்றிவிட்டார்கள் என்று படித்தேன். மக்கள் வாக்களித்து அனுப்பியவர்களைச் சக உறுப்பினர்கள் எப்படி வெளியே அனுப்ப முடியும்? ராணுவம் அங்கேதானே இருந்தது? விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

பிப்ரவரி 4, இரவு

நடந்தது உண்மை. அட்லாண்டாவில் பன்னிரண்டு வருடமாக இருக்கிறேன். சட்டமன்ற வளாகத்தைக் கடந்துதான் ரயிலடிக்குப் போகிறேன். அதனால் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

யாரும் துப்பாக்கியைக் காட்டி அவர்களை வெளியேற்றவில்லை. தீர்மானம் கொண்டுவந்து, பல நாள் விவாதித்து, வாக்கெடுத்து, அவைக் குறிப்பில் பதிந்து வெளியேற்றினார்கள். எனக்கு இதில் பொறுக்க முடியாத இடமே அதுதான்.

1867-ல் அமெரிக்கக் காங்கிரஸ் தோற்ற தென்மாநிலங்களை ராணுவ மாவட்டங்களாகப் பிரித்தது. திரும்பவும் ஒன்றியத்தில் சேர வேண்டுமானால் புதிய அரசமைப்பு எழுத வேண்டும், அதை எழுதப் போகும் அவைக்குக் கறுப்பின ஆண்களும் வாக்களிப்பார்கள் என்பது நிபந்தனை. ஜார்ஜியாவில் அந்த அவை 1867 டிசம்பரில் அட்லாண்டாவில் கூடி 1868 மார்ச்சில் வேலையை முடித்தது. ஏப்ரலில் தேர்தல். குடியரசுக் கட்சியின் ரூஃபஸ் புல்லக் ஆளுநரானார். தோற்றவர் ஜான் கோர்டன், போரில் தென்மாநிலப் படைத் தளபதியாக இருந்தவர். ஜூலையில் சட்டமன்றம் கூடியது. செப்டம்பர் 3 அன்று கீழவை கறுப்பின உறுப்பினர்களை 83-க்கு 23 என்ற வாக்கில் வெளியேற்றியது. 12-ஆம் தேதி மேலவையும் அதையே செய்தது.

சொன்ன காரணம் இது: புதிய அரசமைப்பு கறுப்பினத்தவருக்கு வாக்களிக்கும் உரிமை தருகிறது, பதவி வகிக்கும் உரிமை தருவதாக எங்கேயும் எழுதவில்லை. எழுதாதது இல்லாதது.

அந்த வரியைச் சேர்க்கும் பேச்சு அரசமைப்பு அவையில் எழுந்தது, கடைசியில் விட்டுவிட்டார்கள். விடச் சம்மதித்தவர்களில் கறுப்பினப் பிரதிநிதிகளும் உண்டு. தனியாக எழுதத் தேவையில்லை, வாக்குரிமை இருந்தால் பதவி உரிமையும் அதற்குள் அடக்கம் என்று நம்பினார்கள். அந்த ஒரு வரியை விடாமல் எழுதியிருந்தால் இத்தனையும் நடந்திருக்காது.

பிப்ரவரி 5, காலை

ராணுவம் பற்றிய கேள்விக்கு நேற்று பதில் சொல்லாமல் விட்டுவிட்டேன். தேதிகளை வரிசையாக வைத்தாலே விளங்கிவிடும்.

ஜூலை 21-ல் இந்தச் சட்டமன்றம், சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்று சொல்லும் அமெரிக்க அரசமைப்பின் 14-ஆவது திருத்தத்தை ஏற்றுக்கொண்டது. காங்கிரஸ் கேட்ட நிபந்தனை நிறைவேறியது. மறுநாள் புல்லக் முறைப்படி பதவியேற்றார். மாத முடிவுக்குள் ராணுவ ஆட்சி விலகிக்கொண்டது. ஆகஸ்ட் முழுக்க வெளியேற்றும் பேச்சு, செப்டம்பர் தொடக்கத்தில் வாக்கு. திருத்தத்தை ஏற்றதாகக் கையெழுத்துப் போட்ட மை காய்வதற்குள் என்று சொன்னால் மிகையில்லை.

பிப்ரவரி 5, இரவு

83-க்கு 23 என்றால் மீதிப் பேர் எங்கே என்று ஒருவர் கேட்டிருக்கிறார். சரியான கேள்வி. கீழவையில் இடங்கள் 175. பதிவான வாக்கு 106. யாரை வெளியேற்றுவது என்று வாக்கெடுத்தார்களோ அவர்களை வாக்களிக்கவே விடவில்லை. உங்கள் சொந்த விஷயம், நீங்கள் வாக்களிக்கக் கூடாது என்பது விதியாம். அவர்கள் இருபத்தைந்து பேர் போனாலும் இன்னும் சுமார் நாற்பது இடங்களின் குரல் கணக்கிலேயே இல்லை.

இங்கேதான் குடியரசுக் கட்சியின் வெள்ளை உறுப்பினர்கள் வருகிறார்கள். கீழவையில் இரண்டு கட்சியும் கிட்டத்தட்டச் சமபலம். கறுப்பின வாக்காளர்களின் தோளில் ஏறி ஜெயித்து வந்தவர்கள் அத்தனை பேரும் எழுந்து நின்றிருந்தால் இருபத்துமூன்று என்ற எண் வந்திருக்காது. சிலர் எதிரணியோடு வாக்களித்தார்கள், சிலர் வாக்களிக்கவே இல்லை. வெளியேற்றச் சொல்லி வாக்களித்தவர்களை விட இந்தப் பேசாமல் இருந்தவர்கள் மேல்தான் எனக்குக் கோபம் அதிகம்.

அப்புறம் காலியான இடங்களுக்கு மறுதேர்தல் நடத்தவில்லை. அந்தந்தத் தொகுதியில் அவர்களிடம் தோற்று இரண்டாவது வந்தவர்களையே கூப்பிட்டு உட்கார வைத்தார்கள்.

பிப்ரவரி 6

இன்றைய கட்சிகளை வைத்து இதைப் படிக்காதீர்கள். அன்று தெற்கில் குடியரசுக் கட்சிதான் லிங்கனின் கட்சி, கறுப்பினத்தவரின் கட்சி. ஜனநாயகக் கட்சி பழைய பண்ணை முதலாளிகளின் பக்கம். இருபதாம் நூற்றாண்டில் இது தலைகீழானது. அதைத் தனி இழையில் பேசலாம்.

பிப்ரவரி 7

இப்போது ஹென்றி மெக்நீல் டர்னர். இவரைப் பற்றி எழுதத்தான் இரண்டு நாளாகக் கை துறுதுறுத்தது.

1834-ல் தென்கரோலினாவில், அடிமையாக அல்லாமல் சுதந்திரமானவராகப் பிறந்தவர். கறுப்பினத்தவரின் மெதடிஸ்ட் சபையான ஏ.எம்.இ.யில் போதகர். 1863-ல் லிங்கன் அவரை ராணுவத்தில் கறுப்பினப் படைப்பிரிவின் குருவாக நியமித்தார். போர் முடிந்ததும் ஜார்ஜியா வந்தார். ஊர் ஊராகப் போய் சபையையும் கட்சியையும் சேர்த்தே கட்டினார். மேக்கன் நகரம் இருக்கும் பிப் மாவட்டத்திலிருந்து சட்டமன்றத்துக்கு வந்தார்.

முக்கியமான விஷயம், இவர் முதலில் சமரசக்காரர். அரசமைப்பு அவையில் பழைய எதிரிகளிடம் அத்தனை தாராளமாக நடந்துகொண்டார். போரில் பிரிந்துபோன தென்மாநிலங்கள் அமைத்த கூட்டமைப்பின் தலைவராக இருந்த ஜெஃபர்சன் டேவிஸுக்கு மன்னிப்புக் கொடுக்கலாம் என்பதைக்கூட ஆதரித்தார். நாம் பெருந்தன்மை காட்டினால் அவர்களும் காட்டுவார்கள் என்ற நம்பிக்கை. எழுதாமல் விட்ட அந்த வரிக்குச் சம்மதித்தவர்களில் இவரும் ஒருவர்.

அந்த மனிதர்தான் செப்டம்பர் 3 அன்று எழுந்து நின்றார். எந்தக் கட்சியின் முன்னாலும் குழையமாட்டேன், கூனிக் குறுகமாட்டேன், என் உரிமையைக் கேட்டுப் பிச்சை எடுக்கமாட்டேன் என்று தொடங்கினார். உரிமையைக் கோரவும், என் ஆண்மையின் வாசற்படியைத் தாண்டத் துணிகிறவர்கள் மேல் இடியை எறியவும் வந்திருக்கிறேன் என்றார். எந்த நாட்டு வரலாற்றிலும் ஒரு மனிதனைக் கூண்டில் நிறுத்தி, உன் தோல் மற்றவர்களை விடக் கறுப்பு, அதுதான் குற்றம் என்று விசாரித்ததில்லை என்றார். என் தோள்மேல் இருக்கும் தலைக்கு நான் எவ்வளவு பொறுப்போ அவ்வளவுதானே இதற்கும் பொறுப்பு என்று கேட்டார்.

அப்புறம் அந்தப் பேச்சின் அச்சாணி. நான் மனிதனா இல்லையா? மனிதன் என்றால் மனிதனுக்குரிய உரிமை எனக்கும் உண்டு. இருநூற்றைம்பது வருடம் உங்கள் வயலில் உழுதோம், உங்கள் அறுவடையைக் களஞ்சியம் சேர்த்தோம். பழிக்குப் பழி கேட்கிறோமா? கேட்கவில்லை. இறந்த காலம் தன் பிணங்களைத் தானே புதைத்துக்கொள்ளட்டும், எங்கள் உரிமையை மட்டும் இப்போது கொடுங்கள்.

எட்டாம் வகுப்பில் இங்கே ஜார்ஜியா வரலாறு ஒரு பாடம். என் மகள் அதைப் படிக்கிறாள். போன வாரம் இரவுச் சாப்பாடு முடிந்து அவளை இந்தப் பேச்சைச் சத்தமாக வாசிக்கச் சொன்னேன். முதல் பக்கத்தைப் பள்ளிக்கூட ஒப்பித்தல் மாதிரி வாசித்தாள். நான் மனிதனா என்ற இடத்துக்கு வந்ததும் நிறுத்திவிட்டு, "இவர் இதைக் கேட்டது தன்னோடு தினமும் உட்கார்ந்திருந்தவர்களிடமா?" என்றாள். ஆமாம் என்றேன். அதற்கு மேல் வாசிக்கவில்லை. மீதியை நான் வாசித்தேன்.

பிப்ரவரி 8

நேற்று எழுதியதில் 'ஆண்மை' என்ற சொல் உறுத்துகிறது என்று ஒரு வாசகி எழுதியிருக்கிறார். யோசித்துப் பார்த்தேன், அவர் சொல்வது நியாயம். டர்னர் சொன்ன சொல்லுக்கு நேர்ப்பொருள் அதுதான். ஆனால் அந்த நாட்டில் வயதான கறுப்பின ஆணையும் பையன் என்றே கூப்பிட்டார்கள். வளர்ந்த மனிதன் என்ற தகுதியைத்தான் அவர் கேட்கிறார். 'என் மனிதத்தின் வாசற்படி' என்று எழுதியிருக்கலாம். அதே சமயம் அன்று வாக்குரிமை ஆண்களுக்கு மட்டும்தான் இருந்தது என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

பிப்ரவரி 10, சனி

இன்று மதியம் மகளைக் கூட்டிக்கொண்டு சட்டமன்ற வளாகத்துக்குப் போனேன். பொன் தகடு போர்த்திய குவிமாடம், உள்ளே பளிங்குப் படிகள். டர்னர் நின்று பேசிய அவை இதுதான் என்று அவளிடம் பெருமையாகச் சொன்னேன். வெளியே புல்வெளியில் அந்த உறுப்பினர்களுக்கு ஒரு சிலை இருக்கிறது. ஜான் ரிடில் என்ற கறுப்பினச் சிற்பி செய்தது. 'நிறத்தின் காரணமாக வெளியேற்றப்பட்டவர்கள்' என்பது பெயர். அதன் முன்னால் கொஞ்ச நேரம் நின்றோம். காற்று பலமாக இருந்ததால் சீக்கிரம் கிளம்பிவிட்டோம்.

பிப்ரவரி 11

தவறாகச் சொல்லிவிட்டேன். இப்போது நிற்கும் கட்டடம் 1889-ல் திறந்தது. 1868-ல் அது கிடையாது. தலைநகரமே அந்த வருடம்தான் மில்லெட்ஜ்வில்லிலிருந்து அட்லாண்டாவுக்கு வந்திருந்தது, சட்டமன்றத்துக்குச் சொந்தக் கட்டடம் இல்லை. நகரமன்றமும் மாவட்ட நீதிமன்றமும் ஒன்றாக இருந்த கட்டடத்தில்தான் உறுப்பினர்கள் கூடினார்கள். அப்புறம் கிம்பல் ஆப்ரா ஹவுஸ் என்ற கட்டடத்துக்கு மாறினார்கள்.

பிப்ரவரி 11, கொஞ்ச நேரம் கழித்து

திருத்தத்துக்கு ஒரு திருத்தம். அந்தப் பழைய நகரமன்றம் இருந்த இடத்தை அட்லாண்டா நகரம் மாநிலத்துக்குக் கொடுத்தது. அதை இடித்துவிட்டு அதே இடத்தில்தான் இப்போதைய சட்டமன்றத்தைக் கட்டினார்கள். சுவர் அதுவல்ல, மண் அதுதான். மகளிடம் இரண்டு முறை மாற்றிச் சொல்ல வேண்டியதாயிற்று. அவளுக்கு இரண்டாவது கதைதான் பிடித்திருக்கிறது.

பிப்ரவரி 13

அந்தப் புல்வெளியைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அங்கே குதிரைமேல் உட்கார்ந்திருப்பவர் ஜான் கோர்டன். ஆமாம், 1868 ஏப்ரலில் தோற்றாரே, அவர்தான். கறுப்பினத்தவரை அடித்து மிரட்டிய வெள்ளையர்களின் ரகசியக் கூட்டமான கு க்ளக்ஸ் க்ளானுக்கு ஜார்ஜியாவில் தலைவராக இருந்தார் என்று பரவலாகக் கருதப்படுபவர். சிலை வைத்தது 1907-ல்.

இன்னொரு பக்கம் மனைவியோடு நிற்கிறார் ஜோசஃப் பிரவுன். போர்க்கால ஆளுநர். போருக்குப் பிறகு குடியரசுக் கட்சிக்கு வந்தார். புதிய அரசமைப்புக்கு வெள்ளையரிடம் ஆதரவு திரட்டிய 1868 பிரச்சாரத்தில், பயப்படாதீர்கள், இதில் கறுப்பினத்தவருக்குப் பதவி உரிமை இல்லை என்று மேடையில் சொன்னவர். வெளியேற்றியவர்கள் இவர் பேச்சைத்தான் ஆதாரமாக எடுத்துக் காட்டினார்கள்.

வெளியேறியவர்கள், அவர்கள் கட்சியிடம் தோற்றவர், அவர்களை வெளியேற்ற வாதம் தந்தவர், மூவருக்கும் ஒரே புல்வெளி.

பிப்ரவரி 14

நான்கு பேர் வெளியேற்றப்படவில்லை என்பதை நான் குறிப்பிடவே இல்லை என்று ஒருவர் சுட்டிக்காட்டியிருக்கிறார். உண்மை. ஏதென்ஸ் பகுதியின் மேடிசன் டேவிஸ், வில்க்ஸ் மாவட்டத்தின் எட்வின் பெல்ச்சர் ஆகியோர் அதில் உண்டு. வெளிர்நிறத்தவர்கள். எட்டில் ஒரு பங்கு கறுப்பின ரத்தம் இருந்தால் கறுப்பினத்தவர் என்பது ஜார்ஜியச் சட்டம். இவர்களிடம் அவ்வளவு இருக்கிறது என்று நிரூபிக்க முடியவில்லையாம். சட்டமன்றம் என்ற பெயரில் ஒரு கூட்டம் உட்கார்ந்து சக உறுப்பினரின் பாட்டன் பூட்டனை எட்டால் வகுத்துப் பார்த்தது. மொத்த எண்ணிக்கையை 32 என்று சிலரும் 33 என்று சிலரும் சொல்வதற்குக்கூட இந்த மாதிரி வரையறைக் குழப்பம்தான் காரணம்.

மேலவையில் மூன்று பேர்: டூனிஸ் கேம்பல், ஜார்ஜ் வாலஸ், ஆரன் பிராட்லி. பிராட்லி மேல் பழைய வழக்கு ஒன்றைக் கிளப்பியதால் அவர் முன்னதாகவே விலகிவிட்டார். அரசமைப்பு அவையிலிருந்தும் அவரை வெளியேற்றியிருந்தார்கள். கேம்பலைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

பிப்ரவரி 17, சனி

கமில்லாவுக்குப் போய் வந்தேன். அட்லாண்டாவிலிருந்து தெற்கே மூன்று மணி நேரத்துக்கு மேல்.

வெளியேற்றப்பட்டவர்களில் ஒருவர் ஆல்பனி பகுதியின் ஃபிலிப் ஜாய்னர். பதவி போய் பதினாறே நாளில், 1868 செப்டம்பர் 19 அன்று, ஆல்பனியிலிருந்து கமில்லாவுக்கு ஓர் ஊர்வலம் கிளம்பியது. கட்சிக் கூட்டத்துக்குப் போகும் ஊர்வலம். நடத்திச் சென்றவர்களில் அவரும் ஒருவர். சில நூறு பேர், பெரும்பாலும் விடுதலை பெற்ற அடிமைகள், வாத்தியக்காரர்கள் மேளம் கொட்டிக்கொண்டு வண்டியில் வர, நாற்பது கிலோமீட்டர் நடை. கமில்லாவின் நீதிமன்றச் சதுக்கத்துக்குள் நுழைந்ததும் அங்கே காத்திருந்த வெள்ளையர்கள் சுட்டார்கள். ஓடியவர்களைக் காட்டுக்குள் துரத்திப் போய்ச் சுட்டார்கள். சுமார் ஒரு டஜன் பேர் இறந்தார்கள், முப்பதுக்கும் மேற்பட்டவர்களுக்குக் காயம். நவம்பரில் நடந்த ஜனாதிபதித் தேர்தலில் ஜார்ஜியா ஜனநாயகக் கட்சியின் பக்கம் போனது.

நான் ஆல்பனியில் காபி குடித்துவிட்டு அந்தச் சாலையில் காரில் போனேன். தட்டையான நிலம், இரண்டு பக்கமும் இலை உதிர்ந்த பீக்கான் தோப்புகள், உழுது போட்ட வயல்கள். அரைமணி நேரத்தில் ஊர் வந்துவிட்டது. பாதி வழியில் காரை ஓரமாக நிறுத்திக் கொஞ்ச தூரம் நடந்து பார்த்தேன். ஒளிந்துகொள்ள ஒரு மேடு இல்லை. செப்டம்பர் வெயிலில் இந்த நாற்பது கிலோமீட்டரை நடந்து வந்து, அடிவாங்கி, திரும்பவும் இதே வெட்டவெளியில்தான் ஓடியிருக்க வேண்டும். வரைபடத்தில் தூரத்தைப் பார்த்தபோது இது எனக்குப் புரியவில்லை.

1998-ல்தான் அந்த ஊர் இதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டு நினைவுகூர்ந்தது. 130 வருடம்.

பிப்ரவரி 20

வெளியேற்றப்பட்டவர்களில் இன்னொருவர், ஏப்ரம் கோல்பி. கிரீன் மாவட்டம். முடிதிருத்துபவர், போதகர்.

வெளியேற்றியதற்கு அடுத்த வருடம், 1869 அக்டோபர் 29 இரவு, க்ளான்காரர்கள் வீட்டுக் கதவை உடைத்து அவரைக் காட்டுக்குள் இழுத்துப் போனார்கள். மூன்று மணி நேரம் அடித்துவிட்டுச் செத்தார் என்று விட்டுப் போனார்கள். சாகவில்லை. காங்கிரஸ் அமைத்த விசாரணைக் குழுவின் முன்னால் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொன்னார். யார் அடித்தார்கள் என்று கேட்டதற்கு முகமூடி என்று தப்பிக்கவில்லை. ஊரின் முதல்தர மனிதர்கள் சிலர், ஒருவர் வக்கீல், ஒருவர் மருத்துவர், சிலர் விவசாயிகள் என்றார்.

அதற்கு முன்னால் பணம் பேசிப் பார்த்திருக்கிறார்கள். எங்கள் பக்கம் வந்தால் 5,000 டாலர், வேறு ஒருவருக்கு உன் இடத்தை விட்டுக்கொடுத்தால் 2,500. இந்த மாவட்டத்தின் மொத்த மதிப்பையும் கொடுத்தாலும் மாட்டேன் என்று சொல்லியிருக்கிறார். அந்தக் காலத்துக்கு 2,500 டாலர் என்பது ஒரு குடும்பத்தைக் கரையேற்றிவிடும் பணம்.

அடித்துக்கொண்டே, இன்னொரு முறை அந்தக் கட்சிக்கு வாக்களிப்பாயா என்று கேட்டார்களாம். நாளைக்கே தேர்தல் வந்தாலும் அதற்குத்தான் வாக்களிப்பேன் என்றாராம். திரும்ப அடித்தார்கள்.

அவருடைய சின்ன மகள் வெளியே ஓடிவந்து அப்பாவைக் கொண்டு போகாதீர்கள் என்று கெஞ்சினாள். துப்பாக்கியை அவள் பக்கம் நீட்டினார்கள். அந்தப் பயத்திலிருந்து அவள் மீளவே இல்லை, சாகும் வரை, என்று சாட்சியத்தில் சொல்கிறார். எல்லாவற்றிலும் அதுதான் எனக்கு அதிகம் வலிக்கிறது என்கிறார். இடது கை சரியாக விளங்கவில்லை, வேலை செய்ய முடியவில்லை என்பதையும் சொல்கிறார், ஆனால் அது அடுத்தபடி.

இந்தப் பக்கத்தை மகளிடம் வாசிக்கக் கொடுக்கவில்லை. இன்னும் ஒரு வருடம் போகட்டும்.

பிப்ரவரி 21

முதல் நாள் நான் எழுதியதை மறுபடி படித்தேன். அந்த ஒரு வரியை விடாமல் எழுதியிருந்தால் இத்தனையும் நடந்திருக்காது என்று எழுதியிருக்கிறேன். அதைத் திரும்பப் பெறுகிறேன்.

கோல்பியை அடித்தவர்கள் அரசமைப்பின் எந்தப் பிரிவைப் படித்துவிட்டு வந்தார்கள்? 14-ஆவது திருத்தத்தில் சட்டத்தின் முன் சமம் என்று தெளிவாக எழுதியிருந்தது. ஜூலையில் அதற்குக் கைதூக்கிய அவைதானே செப்டம்பரில் இதைச் செய்தது? எழுதியிருந்தால் வேறு ஒரு ஓட்டையைத் தேடியிருப்பார்கள். நான் டர்னரின் நம்பிக்கையைக் குற்றம் சொல்வது போல எழுதிவிட்டேன். நம்பியவர் தவறு செய்தார், ஏமாற்றியவர் சட்டம் பேசினார் என்று ஆகிவிட்டது. அது சரியில்லை.

பிப்ரவரி 22

இதற்கு மறுப்பு வந்திருக்கிறது. வரி முக்கியமே இல்லை என்றால் அப்புறம் எதற்கு நீதிமன்றம், நிறத்தைக் காட்டி வாக்குரிமையை மறுக்கக் கூடாது என்ற 15-ஆவது திருத்தம் எதற்கு என்று ஒருவர் கேட்கிறார். நல்ல மறுப்பு. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1869-ல் ஒரு வழக்கு வந்தது. சவானா நகரம் உள்ள சாத்தம் மாவட்டத்தில் ரிச்சர்ட் வைட் நீதிமன்ற எழுத்தராகத் தேர்தலில் ஜெயித்தார். தோற்ற கிளெமென்ட்ஸ், வைட்டின் உடம்பில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் ஆப்பிரிக்க ரத்தம் இருக்கிறது, அவர் பதவி வகிக்க முடியாது என்று வழக்குப் போட்டார். அது மாநில உச்ச நீதிமன்றம் வரை போனது. மூன்று நீதிபதிகளில் இரண்டு பேர், கறுப்பினத்தவருக்குப் பதவி உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தார்கள். புதிய அரசமைப்பு மாநிலத்தின் சட்டத் தொகுப்பை ஏற்றுக்கொண்டிருந்தது. குடிமக்களின் உரிமைகளை அந்தத் தொகுப்பு வரிசையாகச் சொல்லும் இடத்தில் பதவி வகிப்பதும் இருந்தது. ஆக, வரி எழுதியே இருந்தது. வெளியேற்றியவர்கள் அந்தப் பக்கத்தைத் திருப்பவில்லை.

அந்த இரண்டு நீதிபதிகளில் ஒருவர் தலைமை நீதிபதி. அவர் ஜோசஃப் பிரவுன். உரிமை இல்லை என்று மேடையில் சொன்ன, மனைவியோடு சிலையாக நிற்கும் அதே பிரவுன்.

தீர்ப்பு வந்த பிறகும் சட்டமன்றம் யாரையும் திரும்ப அழைக்கவில்லை. நீதிமன்றத்தால் ஒரு எழுத்தரின் வேலையைக் காப்பாற்ற முடிந்தது, உறுப்பினர்களை இருக்கையில் உட்கார வைக்க முடியவில்லை. அதற்கு ராணுவம் திரும்பி வர வேண்டியிருந்தது. 1869 டிசம்பரில் காங்கிரஸ் ஜார்ஜியாவுக்கென்றே ஒரு சட்டம் போட்டது. 1870 ஜனவரியில் ஜெனரல் ஆல்ஃபிரட் டெர்ரி, தகுதியில்லாமல் உட்கார்ந்திருந்த பழைய கூட்டமைப்புக்காரர்கள் இருபதுக்கும் மேற்பட்டவர்களை வெளியே அனுப்பிவிட்டு, வெளியேற்றப்பட்டவர்களை உள்ளே கொண்டுவந்தார். பிப்ரவரியில் சட்டமன்றம் 15-ஆவது திருத்தத்தை ஏற்றது. ஜூலையில் ஜார்ஜியா திரும்பவும் ஒன்றியத்தில் சேர்ந்தது. போரில் தோற்ற மாநிலங்களில் கடைசியாகத் திரும்பச் சேர்ந்தது அதுதான்.

எனவே வரியும் வேண்டும், வரிக்குப் பின்னால் நிற்க ஆளும் வேண்டும். நேற்று நான் பாதியை மட்டும்தான் சொன்னேன்.

பிப்ரவரி 22, பின்குறிப்பு

திரும்ப வந்த சந்தோஷம் நீடிக்கவில்லை. 1870 டிசம்பரில் நடந்த தேர்தலில் ஜனநாயகக் கட்சி ஜெயித்தது. புல்லக் 1871 அக்டோபரில் பதவியை விட்டுவிட்டு மாநிலத்தை விட்டே ஓடினார்.

பிப்ரவரி 25

இதெல்லாம் பழைய கதை, விட்டுத்தள்ளுங்கள் என்று ஒருவர். சரி, 1966-க்கு வருவோம்.

ஜூலியன் பாண்ட், கறுப்பின இளைஞர், அட்லாண்டாவிலிருந்து ஜார்ஜியாவின் அதே கீழவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். வியட்நாம் போரை எதிர்த்து அவருடைய இயக்கம் விட்ட அறிக்கையை ஆதரித்தார் என்பதற்காக, 1966 ஜனவரி 10 அன்று அவர் உறுப்பினராகப் பதவியேற்க அவை மறுத்தது. வாக்கு 184-க்கு 12. 83-க்கு 23-ஐ விட மோசம். டிசம்பரில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அவர் பக்கம் தீர்ப்பளித்தது. 1967 ஜனவரியில் உள்ளே போய் உட்கார்ந்தார்.

இந்த முறை நீதிமன்றத் தீர்ப்பு மட்டுமே போதுமானதாக இருந்தது, ஜெனரல் வரவில்லை. நூறு வருடத்தில் மாறியது அதுதான் என்று எனக்குப் படுகிறது.

மார்ச் 2

டர்னர் பிறகு என்ன ஆனார் என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். 1880-ல் தன் சபையின் பிஷப் ஆனார். அமெரிக்காவில் கறுப்பினத்தவருக்கு எதிர்காலம் இல்லை, ஆப்பிரிக்காவுக்குப் போவோம் என்று பேசத் தொடங்கினார். 1890-களில் நான்கு முறை ஆப்பிரிக்காவுக்குப் போய் வந்தார். 1915-ல் கனடாவின் வின்ட்ஸர் நகரில் இறந்தார். அடக்கம் அட்லாண்டாவில். எதிரிக்கும் மன்னிப்புக் கேட்டவர், கடைசியில் இந்த நாட்டு மண்ணிலேயே சாகவில்லை. 1868-ல் அவரை உட்கார விட்டிருந்தால் எப்படிப்பட்ட சட்டமன்ற உறுப்பினராக இருந்திருப்பார் என்று அடிக்கடி நினைக்கிறேன்.

மார்ச் 3

டூனிஸ் கேம்பல் பாக்கி. நியூஜெர்சியில் 1812-ல் பிறந்தவர். ஹோட்டல்களில் தலைமைப் பரிசாரகர், பரிமாறும் தொழிலைப் பற்றி 1848-லேயே ஒரு கையேடு எழுதி வெளியிட்டவர். போர் முடியும் நேரத்தில் ஜார்ஜியா கடற்கரைத் தீவுகளுக்கு வந்து, விடுதலை பெற்றவர்களைக் குடியமர்த்தினார். பிறகு டேரியன் என்ற சின்னத் துறைமுக ஊரில், மெக்கின்டோஷ் மாவட்டத்தில், கறுப்பினத்தவரின் அரசியலைக் கட்டினார். அமைதி நீதிபதியாகவும் இருந்தார். விடுதலை பெற்ற கூலியாள் பண்ணை முதலாளிமேல் புகார் கொண்டுவந்தால் விசாரிக்கும் நீதிபதி.

அதைத்தான் அவர்களால் தாங்க முடியவில்லை. நீதிபதியாக ஒரு வெள்ளையரைத் தவறாகக் காவலில் வைத்தார் என்று வழக்கு ஜோடித்து, 1876-ல், அறுபது வயதைத் தாண்டிய முன்னாள் மேலவை உறுப்பினரை, கைதிகளைப் பண்ணைகளுக்கு வாடகைக்கு விடும் முறையில் ஒரு வருடம் வேலைக்கு அனுப்பினார்கள். வெளியே வந்தவர் ஜார்ஜியாவை விட்டுப் போய்விட்டார்.

ஆனால் அவர் கட்டியது சட்டென்று இடியவில்லை. அவருக்குப் பிறகும் அந்த மாவட்டம் விடாமல் கறுப்பினப் பிரதிநிதிகளை அட்லாண்டாவுக்கு அனுப்பிக்கொண்டே இருந்தது. கடைசியாக வந்தவர் டபிள்யூ. எச். ரோஜர்ஸ். 1907-ல் அவர் விலகினார். கோர்டனின் குதிரைச் சிலையைத் திறந்த அதே வருடம். அடுத்த கறுப்பின உறுப்பினராக லீராய் ஜான்சன் மேலவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது 1962-ல்.

மார்ச் 5

கேள்வி கேட்டவர் தனியாக எழுதியிருந்தார். டேரியனில் பார்க்க ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று கேட்கிறார். அடுத்த மாதம் பள்ளி விடுமுறை. ஐந்து மணி நேரம் ஓட்ட வேண்டும். மகளும் வருகிறாள். போய் வந்து இங்கேயே எழுதுகிறேன்.